பச்சை வயரை நம்பிய சித்தப்பா

பயப்படுவதில் சித்தப்பாவை அடித்துக்கொள்ள இந்தப் பூமியில் ஆள் கிடையாது. அதற்கென்று ஓர் உலகக் கோப்பை இருந்தால் வருஷா வருஷம் அவருக்குத்தான். மேடை உடைந்து விழுமோ என்று பயந்து, கோப்பையை வீட்டுக்கே அனுப்பிவிடச் சொல்வார், அவ்வளவுதான். கட்டிப்போட்ட நாயைக் கண்டாலும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். லிஃப்டில் கால் வைக்க மாட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. எங்கே கீறிவிடுமோ என்று ஒன்றையே நாலு தரம் தூக்கிப் பார்ப்பார். அதனாலேயே அவர் கை பட்ட கண்ணாடி கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையின் மூன்று பிளக் பாயிண்டுகளையும் தானே மாற்றக் கிளம்பினார் என்றால், அதற்கும் பயம்தான் காரணம். சாக்கெட்டுகள் எல்லாம் ஆட்டம் கண்டிருந்தன. ஃபிரிட்ஜ் மாட்டியிருந்த சாக்கெட் ஓரமெல்லாம் கருகி, தீய்ந்த வாடை அடித்தது. எலக்ட்ரீஷியனோ நாளைக்கு, நாளைக்கு என்று போக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். வீடு பற்றிக்கொள்ளும் என்ற நினைப்பில் சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மெயினை அணைத்தார். ரப்பர் செருப்பு, ரப்பர் கையுறை, கீழே ஒரு மரப்பலகை.

"நிலாவுக்குப் போனவங்ககூட இவ்வளவு மாட்டிக்கல சித்தப்பா," என்றாள் வாலு. அவள் அவருடைய அண்ணன் மகள். பள்ளிக்கூடத்துக்காக இந்த வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று பேர். பாதி நாள் மட்டம்தான். சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு யாருக்கும் ஞாபகமில்லை.

"நீ தள்ளி நில்லு. உன் நிழல்கூட இதுல படக் கூடாது."

முதல் இரண்டு பாயிண்டுகளின் பெட்டிகளிலும் வயரைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்தார். சிவப்பில் கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். எல்லாம் சொன்னபடி இருந்தது. மூன்றாவது பெட்டிக்கு வந்தபோது, கருகியிருந்த சாக்கெட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடையாளம் வைப்பதற்குள் மூன்று வயரும் தாமாகவே கழன்று வந்துவிட்டன. இரண்டில் சரியாக இருந்தது மூன்றாவதில் மட்டும் மாறிவிடவா போகிறது? எதையும் நாலு தரம் பார்க்கிறவர், வாழ்க்கையில் முதல் தடவையாக, நிறத்தை நம்பினார். பச்சையை எர்த்தில் வைத்து முடுக்கினார்.

மெயினைப் போட்டதும் மிக்ஸி ஓடியது. ஃபிரிட்ஜ் மட்டும் சத்தம் காட்டவில்லை. என்னவென்று பார்க்க சித்தி கதவைப் பிடித்தாள். அடுத்த நொடி அலறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தாள்.

"ஏய் வாலு! என்னடி பண்ணி வெச்ச ஃபிரிட்ஜ்ல?"

"ஐயோ சித்தி, நான் ஒண்ணுமே பண்ணல!"

"உப்பு டப்பால சர்க்கரையைக் கொட்டினது யாரு?"

"அது வேற கேஸ் சித்தி!"

சித்தப்பா டெஸ்டரை எடுத்து ஃபிரிட்ஜ் கதவின் கம்பியில் வைத்தார். அதன் குட்டி விளக்கு எரிந்தது. பாயிண்டின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். அப்போதும் எரிந்தது. சுவிட்சை அணைத்தும் கரண்ட் அடங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவு திறந்தது. சித்தப்பாவின் மகள் பொடிசு, தண்ணீர் சொட்டச் சொட்ட, துண்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக ஓடி வந்தாள். குளித்ததும் ஃபிரிட்ஜ் கதவில் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஜில்லென்று நிற்பது அவள் வழக்கம்.

பயந்தால் சித்தப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம். அன்று ஒட்டவில்லை. பாய்ந்து குழந்தையை இடுப்போடு அள்ளி, அதே ஓட்டத்தில் வாசலுக்குப் போய் மெயினை அணைத்தார். பிறகுதான் அங்கேயே உட்கார்ந்தார்.

"அப்பா, விடுப்பா, நசுங்குது," என்றது பொடிசு.

"என் கையாலயே..." என்று மட்டும் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. முழங்கைதான் கொஞ்சம் மரத்துப்போச்சு," என்றாள் சித்தி. "அந்த எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் மெயினே வேண்டாம்."

"எந்தத் தப்புன்னு தெரியாம இந்த வீட்டுல எப்படிப் படுப்பேன்?"

சித்தியையும் குழந்தையையும் வாசற்படியில் உட்காரவைத்தார். மூன்றாவது சாக்கெட்டைக் கழற்றி, வயர் முனைகளை ஒன்றோடொன்று படாமல் விரித்துவைத்தார். மெயினைப் போட்டு டெஸ்டரை வைத்தார். சிவப்பு செத்துக் கிடந்தது. பச்சையில் விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜின் உடம்போடு சேருகிற எர்த்தில் கரண்டை விட்டிருக்கிறார்.

மறுபடி மெயினை அணைத்துவிட்டு, அதற்கு வயர் வருகிற பக்கத்துப் பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். சாக்கெட்டுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, பழைய டேப் சுற்றிய இரண்டு முடிச்சுகள். பிரித்தார். ஒன்றில் சிவப்போடு பச்சையை முறுக்கியிருந்தது. இன்னொன்றில் பச்சையோடு சிவப்பு. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு மகராசன் கைக்கு வந்த துண்டு வயரை வைத்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"நல்லா இருப்பான்," என்றார் சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. திட்டக்கூடப் பயம் அவருக்கு.

துண்டு வயர்களைப் பிடுங்கிவிட்டு, கடையிலிருந்து புது வயர் வாங்கி வந்து, நிறத்துக்கு நிறம் சரியாக இழுத்தார். ஒவ்வொரு திருகையும் முடுக்கியபின் வயரை இழுத்துப் பார்த்தார். நாலு தரம்.

"யாரும் உள்ள வரக் கூடாது," என்று சொல்லிவிட்டு மெயினைப் போடப் போனார். வாலு கூடத்தில் நகம் கடித்துக்கொண்டு நின்றாள். ஃபிரிட்ஜ் உறும ஆரம்பித்தது. சித்தப்பா மெயின் பலகையைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அப்புறம் மெல்ல வந்து டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் கதவைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. வெறும் ஜில்.

இதையெல்லாம் எழுதி முடித்து வாலு அவரிடம்தான் முதலில் கொடுத்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தவர், ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"கூடத்துல நகம் கடிச்சிட்டு நின்னியா நீ?"

"ஆமா."

"மெயினைப் போட்டுட்டுத் திரும்புறேன். எனக்கு முன்னாடி உன் கை ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு. கத்தலாம்னா குரலே வரல."

வாலு சுவரைப் பார்த்தாள். "தூசி இருந்துச்சு. தொடைச்சேன்."

"அன்னிக்கு நான் பயந்ததுலயே பெரிய பயம் அதுதான். அதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் எழுதியிருக்க," என்றார் சித்தப்பா. "எடு பேனாவை."