சவரிமுத்து தெருவுக்கு நான் எழுதிய வரலாறு

பேய், ஆவி, குறி, ஜாதகம் எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். பேயோட்ட வந்தவரிடமே உங்கள் பேய்க்கு ஆதார் இருக்கிறதா என்று கேட்டு அடி வாங்கியவன். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பெயர் பசீர். பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டதும் திண்டுக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்துவிட்டேன். அங்கே கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் என் பொறுப்பு. இறந்தவருக்கு நல்ல போட்டோ இருக்காது, ரேஷன் கார்டில் பாதி அழிந்த முகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பழைய ஃபைலில் இருந்து ஒருவருடைய வெள்ளைச் சட்டை, இன்னொருவருடைய காது, வேறொருவருடைய மீசை என்று எடுத்து ஒட்டி ஆளை நிறுத்திவிடுவேன். வாசகமும் நான்தான். ஊரையே ஏய்த்தவரை ஏழைகளின் விடிவெள்ளி ஆக்கியிருக்கிறேன், குடும்பமே படித்துவிட்டு அழுதிருக்கிறது.

அப்படித்தான் சவரிமுத்து தெரு வேலையும் வந்தது. பெயரை வைத்து ஓட்டு வீடுகள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு இரண்டு கார், வாசலுக்கு நாலு கேமரா, நாய்களுக்கெல்லாம் இங்கிலீஷ் பெயர். இத்தனை இருந்தும் தெருவுக்குப் பெயர் சவரிமுத்து என்றால் அவர்களுக்கு உறுத்தாதா? ராயல் அவென்யூ என்று மாற்றலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசினார்கள். பத்திரம், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் விலாசம் மாற்ற வேண்டும் என்றதும் அடங்கிவிட்டார்கள். கடைசியில் சங்கச் செயலாளர் சண்முகவேல் எங்கள் கடைக்கு வந்தார், ஹார்டுவேர் கடைக்காரர். பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், ஆளைப் பெரிய ஆளாக்கித் தெருமுனையில் வரலாற்றுப் பலகை வைத்துவிடலாம் என்றார். சரி, சவரிமுத்து யார் என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா ஒங்கிட்ட ஏன்டா வாரேன்? செத்தவங்களுக்கு எழுதுவேல்ல, அது மாதிரி எழுது. போட்டோ இல்லாம இருக்கக் கூடாது, ஆமா."

விடுவேனா. ஒரு போஸ்ட்மேனின் கண்கள், ஒரு பஸ் முதலாளியின் மீசை, தலைக்கு ஒரு முண்டாசு. முகம் ரொம்ப வழவழப்பாக இருந்ததால் வலது புருவத்தைப் பாதியில் வெட்டிவிட்டு, மோவாய்க்குக் கீழே சாய்வாக ஒரு தழும்பையும் மவுஸாலேயே வரைந்தேன். வரலாறு இரண்டு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அந்த இடத்தில் முன்பு தோல் பதனிடுகிற தோல்ஷாப் இருந்தது, சவரிமுத்து அங்கே தொழிலாளி, காலரா வந்து எல்லோரும் ஓடியபோது அவர் மட்டும் நின்று நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார், அதே நோயில் அங்கேயே இறந்தார், ஊர் மக்கள் நன்றியோடு பெயர் வைத்தார்கள். எல்லாம் கப்சா. சண்முகவேலுக்கு மாதிரி பார்க்கக்கூட நேரமில்லை, அடிச்சிரு என்று போனிலேயே சொல்லிவிட்டார். அன்று கடையில் நான் மட்டும்தான். பிரிண்ட் போட்டது, பலகையில் ஒட்டியது, துணி சுற்றிக் கட்டியது எல்லாம் இந்தக் கைதான். வேறு ஒரு கண் அதைப் பார்க்கவில்லை, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பு விழா. எட்டரை மணிக்கு நான் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், தெருவில் ஒருவரும் இல்லை. கழுத்தில் ஜெபமாலையும் கையில் மஞ்சள் பையுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். பெயர் அந்தோணிச்சாமி, ஊர் செம்பட்டி. விழா அழைப்பு வாட்ஸப்பில் சுற்றியிருக்கிறது, அதில் பெயரும் இடமும் மட்டும்தான் போட்டிருந்தோம், பேரன் படித்துச் சொன்னானாம். அவருடைய அப்பா பெயரும் சவரிமுத்து. திண்டுக்கல் தோல்ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர் திரும்பவே இல்லை. அப்போது இவருக்கு ஆறு வயது.

நான் சும்மா இருப்பேனா. சவரிமுத்து என்ற பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்களே, உங்க அய்யாவுக்கு அடையாளம் எதுவும் உண்டா என்று நக்கலாகத்தான் கேட்டேன்.

"வலது புருவம் பாதிதான் இருக்கும் அப்பு. மாடு முட்டுனது. மோவாய்க்குக் கீழ சாய்வா ஒரு தழும்பு."

ரிப்பன் கையிலிருந்து விழுந்துவிட்டது. முதலில் துணியைத்தான் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அப்பா வேறு பெண்ணோடு ஓடிவிட்டார் என்று ஊரே பேசியதாம். அவருடைய அம்மா சாகிற வரைக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"எங்கள விட்டுட்டுத்தான் போனாரா, இல்ல வரணும்னு நெனச்சாரா, அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் போதும் எனக்கு. வரும்போது ஊதல் வாங்கியாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

உங்களிடம் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வரலாறு முடிந்த பிறகு பலகையின் அடியில் ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. பல் விழுந்த மாதிரி இருக்கிறதே என்று நான் ஒரு வரி போட்டு அடைத்தேன். 'அவர் இடுப்பு மடியில் மகனுக்கு வாங்கிய ஊதல் ஒன்று இருந்தது.' சத்தியமாக, இடத்தை அடைக்கத்தான்.

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். இது நான் இட்டுக்கட்டியது, முகம் பல பேருடையது, தழும்பு நான் வரைந்தது, என்னை மன்னிச்சிருங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு துணியை விலக்கச் சொன்னார்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"எங்கய்யா போட்டோவே எடுத்ததில்ல. நீ வரைஞ்சதுன்னே வச்சுக்கிருவோம். யாரப் பாத்து வரைஞ்ச?"

கீழே கிடந்த ரிப்பனைக் குனிந்து எடுத்தேன்.

சண்முகவேல் வந்து விஷயம் கேட்டு, அவரையே ரிப்பன் வெட்டவைத்தார். பங்களாக்காரர்கள் வரிசையில் நின்று அவரோடு செல்பி எடுத்தார்கள். அம்மா கல்லறைக்குப் போய்ச் சொல்லணும் என்று அவர் கிளம்பிவிட்டார். நான்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். இறங்கியவர் என் தோளைப் பிடித்தார்.

"ஊதலு எப்படி இருந்துச்சுன்னு எழுதலையே அப்பு?"

தெரியலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு, நம்பினால் நம்புங்கள்.

"பச்சைத் தகரம். வாய் வைக்கிற எடத்துல செவப்பு நூலு சுத்தியிருந்துச்சு."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். சின்னப் பிள்ளையில் கடையில் காட்டி அய்யாவிடம் அதைத்தான் கேட்டேன் என்றார். செம்பட்டி பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

முகமும் வரியும் எப்படியோ பொருந்திப்போனது என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அந்த நூலை நான் எழுதவில்லை, வரையவில்லை, நினைக்கக்கூட இல்லை. அதைச் சொல்லி முடித்தபோது என் உதட்டில் ஈர நூலின் பிசிறு ஒட்டியிருந்தது. புறங்கையால் துடைத்தேன். கையில் ஒன்றுமே இல்லை.