சாரணைச் சாற்றில் இருந்த உப்பு

சாரணைக் கீரை தின்று நான் சாகப்போகிறேன் என்றுதான் முதலில் நம்பினேன். சிரியாதையுங்கோ. எண்பதுகளின் தொடக்கம், கிளிநொச்சியில் ஒரு பயிர் ஆய்வுகூடத்தில் வேலை. மத்தியானம், சோதனைக்கு வந்த கட்டில் மிஞ்சிய சாரணையை வறையாக்கிச் சோறு. பின்னேரம் அதே கீரையின் சாற்றை நீண்ட கண்ணாடிக் குழாயில் இறக்கி, எந்த அமிலம் எவ்வளவு சொட்டுகிறது என்று அளந்தேன். கூடினால் நஞ்சாகும் ஒக்சாலிக் அமிலம் இறங்கும் இடத்தில் அளவு ஏறிக்கொண்டே போனது. ஒரு மாட்டைச் சாய்க்கக் காணும். நானோ மாட்டைவிட மெலிவு.

கீரை வந்தது ஸ்கந்தபுரத்திலிருந்து. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் துண்டுக் காணியில், பக்கத்து வயல்காரரின் மாடு மேய்ந்துவிட்டுச் செத்திருந்தது. குடியேறியவன் நஞ்சு வைத்தான் என்றார் வயல்காரர். சாரணைதான் கொன்றது என்றார் இவர். கீரையில் நஞ்சிருந்தால் இவர் ஊரில் இருக்கலாம், இல்லையென்றால் காணியை விட்டுப் போகவேண்டும் என்பது ஊர்க்கூட்டத்தின் தீர்ப்பு.

பால் அந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்த ஞாபகம். தேத்தண்ணிக் கடைக்கு ஓடி, இருந்த பாலையெல்லாம் குடித்தேன். வயிறு ஊதித் திரும்பினால், விறாந்தையில் அந்தக் காணிக்காரர், எங்கள் கீரைக்காரர். அளவைச் சொன்னேன். முகம் மலர்ந்தது.

"அப்ப கீரைதான் கொன்னுச்சுங்களா, ஐயா?"

"ஓம். அடுத்தது நான்தான்."

எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர் அம்மா உள்ளேயிருந்து வந்தா. "தம்பி, சாரணை உப்புச் செடி. நீர் சாற்றுக்கு ஊத்தின அசிட்டில அந்த உப்பும் அமிலமாகி, ஒக்சாலிக்கோட சேர்ந்து இறங்கியிருக்கு. கன்றுக்குட்டி மாதிரிப் பாலைக் குடிச்சுப்போட்டு நிக்கிறீர்! சாற்றை முதல்ல ஈதரில எடும். ஒக்சாலிக் ஈதருக்கு வந்திடும், உப்பு தண்ணியிலயே நிண்டிடும்."

ஈதரில் நாள் முழுக்க எடுத்து மறுபடி இறக்கினேன். அளவு படுத்துவிட்டது. அந்தத் துண்டுக் காணிச் சாரணை முழுவதையும் தின்றாலும் மாடு ஏப்பம்தான் விட்டிருக்கும். உயிர் தப்பிய சந்தோசத்தில் குசினிக்குப் போய் மிச்ச வறையையும் வழித்துத் தின்றேன்.

கீரைக்காரர் மறுநாள் வந்தார். புது அளவைச் சொன்னேன்.

"அந்த மொத அளவையே எழுதிக் குடுத்துருங்களேன், ஐயா."

"அது உப்பு."

"உப்பும் என் கீரையில இருந்ததுதானுங்களே?"

சரியான அளவைத்தான் எழுதினோம். அவர் பெண்சாதி பிள்ளைகளோடு புளியங்குளப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த போகம், அந்தக் காணியில் ஒரு சாரணைக் கொடிகூட இல்லை. வயல்காரரின் இரண்டாவது மாடும் செத்தது. தன் வயலுக்குப் பூச்சிமருந்து கரைக்கிற பீப்பாயை அவர் மூடாமல் வைத்திருந்தார். இரண்டு மாடுகளும் அதில்தான் தண்ணீர் குடித்தன.