மிளகுக்குள் விழுந்த சைக்கிள் குண்டுகள்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு மாசி மாதம். நாங்கள் அப்போது கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் குடியிருந்தோம். சில ஊர்கள் சேர்ந்த பகுதியை அங்கே நாடு என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அம்மை குத்தும் உத்தியோகம். மலைக்கு ரோடே கிடையாது. அவருடைய சைக்கிளை இரண்டு ஆட்கள் தோளில் சுமந்துதான் மேலே கொண்டுவந்தார்கள். வந்த பிறகும் பாதி தூரம் அவர் அதன்மேல் போவார், மீதி தூரம் அது அவர் தோள்மேல் போகும். ஆனாலும் அந்த வண்டியை விடமாட்டார்.

ஓட்டத் தெரியுமே தவிர, ஒரு திருகைத் திருகத் தெரியாது மனுஷருக்கு. சைக்கிள் கடையோ அடிவாரத்தில். ஒவ்வொரு பஞ்சருக்கும் அவர் மலை இறங்கி ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். என் பிறந்த வீட்டுக்கு எதிரே சைக்கிள் கடை இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே பாதி வித்தை எனக்குத் தெரியும். பஞ்சர் ஒட்டினேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், பிரேக் கட்டை மாற்றினேன். “பரவாயில்லையே!” என்று அவர் ஒருதரம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் குண்டனி நாட்டில் இரண்டு வீடுகளில் அம்மை கண்டிருந்தது. மறுநாள் காலையில் ஜனங்களைக் கூட்டி வைப்பதாக அங்கே ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கே இவர் நாலு நடை நடந்திருந்தார். அம்மை குத்த ஆள் வருகிறார் என்றாலே ஜனங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிகிற காலம் அது. நேரத்தோடு போகாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த அம்மைப்பாலும், அதுதான் குத்துகிற மருந்து, அதற்குமேல் தாங்காது.

முதல் நாள் மத்தியானம் பார்த்தால், முன்சக்கரம் கறகறவென்று அரைக்கிறது. “கழற்றித் துடைச்சு கிரீஸ் வெச்சாச் சரியாயிரும், நான் பாத்துக்கறனுங்க” என்றேன். சக்கரத்தின் அச்சை அதுவரை நான் திறந்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் வாசல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுக் களம்தான் சாணி மெழுகிச் சமமாக இருந்தது. அதில் பாதிக்கு மிளகு காயப்போட்டிருந்தார்கள். நான் மிளகின் ஓரமாகவே உட்கார்ந்து திருகைத் திருகினேன். கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டேன் போலிருக்கிறது. அச்சைச் சுற்றி அந்தப் பக்கம் இருந்த பத்து இரும்புக் குண்டுகளும் பொலபொலவென்று கொட்டி, உருண்டு, மிளகுக்குள் போய்விட்டன.

பழைய கிரீஸ் அப்பிய குண்டுகள். நிறமும் மிளகு, அளவும் மிளகு! ஒன்றைக்கூட என்னால் அடையாளம் காண முடியவில்லை. யுத்தக் காலத்தில் மாற்றுக் குண்டுக்கு எங்கே போவது? களத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. “உடு அம்மிணி, நடந்தே போயிக்கறேன்” என்றார். கரடி நடமாட்டத்தால் விடிவதற்கு முன் கிளம்ப முடியாது, நடந்தால் உச்சிப்பொழுது தாண்டிவிடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அழுகைச் சத்தம் கேட்டுக் களத்துக்குச் சொந்தக்காரியான அக்கா வந்தார். போன மாதம் இவர் அம்மை குத்தப் போனபோது, தன் பிள்ளையைத் தானியக் குதிருக்குள் ஒளித்துவைத்த அக்காதான். மிளகைப் பாழாக்கியதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

“இதுக்கா அழுவறீங்க? மொளகுல கல்லு கெடந்தா நாங்க ஒண்ணொண்ணாவா பொறுக்கறோம்?” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துவந்தார். இன்னும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டார். மிளகை வாரி முறத்தில் போட்டு, லேசாகச் சாய்த்துத் தட்டித் தட்டிக் கொழித்தார்கள். மிளகு முன்னால் நகர, கனமான குண்டு பின்னால் தங்கியது. முதல் குண்டு கைக்கு வந்ததும் எனக்கு அந்த அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கொழித்துக்கொண்டே, “ஒரு நாள் தள்ளிப் போனாத்தான் என்னங்க?” என்று கேட்டார். அங்கே சின்னக் குழந்தைகள் இருக்கின்றன, அம்மை ஒரு நாள் பொறுக்காது என்றேன். அவர் அடுத்த முறத்துக்கு மிளகை வாரினார். பொழுது சாய்வதற்குள் ஒன்பது குண்டுகள் கிடைத்தன. ஒன்பதை வைத்தே ஓடும் என்று சொல்லிச் சக்கரத்தைப் பூட்டினேன். சத்தமில்லாமல் சுற்றியது.

மறுநாள் விடிந்ததும் இவர் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றார். உள்ளங்கையில் பத்தாவது குண்டு, பளபளவென்று துடைத்து.

“மொளகை அள்ளறப்ப கெடச்சுதுங்க. இத்தினிக்கூண்டு குண்டுக்கு ரெண்டு பேரும் அந்தத் தவி தவிச்சீங்களே, அப்ப அந்த அம்மைப்பால் நல்லதுக்குத்தான் இருக்கோணும். எம்புள்ளைக்கும் குத்திட்டுப் போங்க சாமி. கண்ணு, ஐயாகிட்டக் கையைக் காட்டு.”

கட்டிய பெட்டியை இவர் அவிழ்த்தார். பிள்ளைக்கு அம்மை குத்தினார். அதை முடித்துவிட்டுக் கிளம்பியும், கூட்டம் கலைவதற்கு முன்பே குண்டனி நாடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் நான் கழற்றி மாட்டாத பாகமே இல்லை, எதைக் கழற்றினாலும் கீழே ஒரு முறம் இருக்கும். பத்தாவது குண்டை மட்டும் சக்கரத்தில் போடவில்லை, இன்னும் என்னிடமே இருக்கிறது. மாதக்கணக்கில் நாங்கள் எடுத்துச் சொல்லியும் மசியாத அந்த அக்காவின் மனசு, நான் ஒன்றும் தெரியாமல் அவர் களத்தில் அழுது, அவர் முறத்தை நம்பி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில் இளகியதே என்று, அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.