மகள் மறைத்த இளைப்பு

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு மூச்சு இளைப்பு உண்டு. திருச்சுழிப் பக்கத்திலிருந்து அவளை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், மில்லில் எனக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். அதைக் கேட்ட அங்குள்ள டாக்டரம்மா, இனி செல்போன் வீடியோவிலேயே பார்க்கலாம் என்றார்.

முதல்முறை வீடியோவில் பார்த்ததுமே, "நெஞ்சு இப்படி இழுக்குதே, எப்ப இருந்து பாப்பா?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளா இழுக்குது டாக்டர். அம்மாட்ட சொல்லல. சொன்னா லீவு போடணும்ல, சம்பளம் போயிரும்."

"என்னப் பெத்த தாயி, இதையா மறச்ச?" என்று அவளை அணைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டரம்மா மருந்தை மாற்றினார். இன்ஹேலரை இழுக்கும் முறையையும் போனிலேயே காட்டினார். இப்போது இளைப்பு குறைந்திருக்கிறது.

வீடியோவில் பார்ப்பதால் செலவு மிச்சம் என்று மில்லில் எல்லோரிடமும் சொல்கிறேன். அதற்கு முன்பெல்லாம் என் பிள்ளை தன் மூச்சை அடக்கி எனக்கு மிச்சம்பிடித்துக் கொடுத்ததை மட்டும் சொல்ல வாய் வருவதில்லை.