ஜெயசீலியின் பெரிய சென்சார்

ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். என் சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போனை எடுக்கிற போட்டோகிராபரை எந்தப் பெண்வீட்டாரும் மன்னிக்க மாட்டார்கள். முடிச்சு விழுந்து, அட்சதை ஓய்ந்த பிறகு வெளியே ஓடிப்போய்ப் பேசினேன். போத்தனூரிலிருந்து ஜெயசீலியின் தம்பி. "அண்ணா, அக்கா போயிட்டாங்கண்ணா. தூக்கத்துலயே." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்கூட என்னோடு லென்ஸ் விஷயமாகச் சண்டை போட்டவர், என் பதிலைக் கேட்காமலேயே போய்விட்டார். உள்ளே குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போய் எடுத்தேன். அந்தப் படங்களை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

கோவையில் கல்யாணப் படம் எடுக்கும் உங்களில் பாதிப் பேர் ஜெயசீலியின் நண்பர்கள்; மீதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அவரோடு கூட்டாக ஸ்டுடியோ நடத்திய நான் இரண்டிலும் சேர்த்தி. ஒருநாள் திருப்பூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தார். உட்காரும் முன்பே, "பெரிய சென்சார் கேமராதானுங்களே?" என்று கேட்டார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் தலையாட்டப் போனேன். ஜெயசீலி முந்திக்கொண்டார்.

"சென்சார்ங்கிறது லென்சுக்குப் பின்னாடி வெளிச்சத்தை வாங்கற தகடுங்க. செல்போன்ல சுண்டுவிரல் நகமாட்டத்தான் இருக்கும். பெரிய கேமராவுல, பழைய பிலிம் ரோல்ல ஒரு படம் இருக்கும் பாருங்க, அத்தாச்சோடு பெருசா இருக்கும். மஞ்சள் காயப்போடறப்ப சாக்கு விரிச்சாக் கொஞ்சந்தான் காயும், தார்ப்பாய் விரிச்சா நெறையக் காயும். வெயில் ஒண்ணுதானுங்க."

"அப்பப் பெருசே கொண்டாந்துருங்க."

"உங்க வீட்டுக் கல்யாணம் பகல்ல, தோட்டத்துல. அவ்வளவு வெளிச்சத்துக்கு எதுக்குங்க பெருசு? சின்னதே போதும்."

அவர் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். கைக்கு வந்த வேலையை ஜெயசீலி கெடுத்துவிட்டாரே என்று நான் குதித்தேன். "கேமராவைப் பத்திப் பொய் சொல்லி வாடகை கட்டோணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார். பெரிய சென்சாரை அவருக்குப் பிடிக்காது என்றில்லை. அவரிடம் இருந்ததே அதுதான். "இருட்டுல நல்லாப் பாக்குமுங்க. ஆனா லென்ஸை முழுசாத் தொறந்துட்டா ஒருத்தரைத்தான் தெளிவாப் பாக்கும், பின்னால நிக்கறவங்க கரைஞ்சு போயிருவாங்க" என்பார்.

வெள்ளகோவிலில் நடந்ததை எழுதத்தான் இவ்வளவும் சொன்னேன். மாப்பிள்ளை கார்த்தி, விசைத்தறி வைத்திருந்த குடும்பத்துப் பையன். பெண்ணைத் தானே பார்த்துக்கொண்டதற்காக அப்பா அவனை வீட்டை விட்டுத் துரத்தினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கல்யாணம் நெருங்கும்போது அப்பா படுக்கையில் விழுந்தார். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகூர்த்தம் முடிந்ததும் கார்த்தியின் அக்கா மணமக்களை நேராக அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். எங்களிடம் கெஞ்சாத குறை. "ஒரே ஒரு படமுங்க. எங்கப்பனும் தம்பியும் சேர்ந்தாப்புல."

அறையில் ஜன்னல்களைப் போர்வையால் மூடியிருந்தார்கள். பெரியவரின் கண் வெளிச்சத்தைத் தாங்காது, பிளாஷ் கூடாது. நாங்கள் நுழைந்ததும் அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்த்தி கதவோரமே நின்றுவிட்டான். எனது சின்ன சென்சாரில் ஒரு படம் எடுத்தேன்; ரவையைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருந்ததே தவிர முகமே இல்லை. ஜெயசீலி லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்தார். கட்டிலில் பெரியவரின் காதும் நரைத்த தாடியும் முடிமுடியாகத் தெரிந்தன. கதவோரம் வெறும் வெள்ளைக் கறை.

"அப்பா தெரியறாருங்க. நீங்க தெரியலீங்க."

"பரவால்லீங்க. அவரு தெரிஞ்சாப் போதும்." கார்த்தியின் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

"இருங்க. இந்தக் கேமரா அப்படித்தானுங்க. ரெண்டு பேர் மூஞ்சியும் கேமராவுக்கு ஒரே தூரத்துல இருந்தாத்தான் விழும். தலைமாட்டுக்கு வாங்க."

ஓர் அடி வைத்தான். "இன்னும் வாங்க." அவன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் கத்திவிடுவார் என்றே நான் நினைத்தேன். புதுப்பெண் தானாகவே கட்டிலோரம் மண்டியிட்டாள். கார்த்தியும் மண்டியிட்டான். "குனியுங்க. தலையாணி வரைக்கும்." ஜெயசீலியின் குரலில் துளி தயவில்லை. அவன் தலையணையில் கன்னத்தை வைத்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் மெதுவாக முகத்தைத் திருப்பினார். ரொம்ப நேரம் அவனையே பார்த்தார்.

"சளி புடிச்சிருக்குதா கண்ணு?"

ஜெயசீலி அப்போதுதான் பட்டனை அழுத்தினார். அந்த வாரத்திலேயே பெரியவர் போய்விட்டார்.

திரும்பும் வழியில் காங்கேயம் தாண்டியதும் கேட்டேன்: காரில்தான் ஸ்டாண்டு இருந்ததே. கேமராவை அதில் வைத்து, லென்ஸ் வாயைச் சுருக்கி, நிதானமாக எடுத்திருந்தால் பையன் கதவோரம் நின்றபடியே தெளிவாக விழுந்திருப்பானே?

"விழுந்திருப்பாருங்க."

"அப்பறம் ஏனுங்க பொய் சொன்னீங்க?"

"நீங்க ஸ்டாண்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள அவரு வெளிய போயிருப்பாருங்க."

கேமராவைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். உடனே, டீக்கடை வந்தால் நிறுத்தச் சொன்னார்.

போத்தனூர் கல்லறைத் தோட்டத்தில் ஜெயசீலியைக் குழியில் இறக்கிவிட்டு மண் போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வந்து நின்றவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கார்த்தி. கைப்பிடி மண்ணைப் போட்டுவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப்போனான்.

"அண்ணா, இப்ப நானும் ஒரு கேமரா வாங்கியிருக்கேனுங்க. அன்னைக்கு என்னைக் கதவோரமே நிக்க வெச்சு எடுத்திருக்கலாமுங்களா?"

அவர் காப்பாற்றி வந்த பொய்யை அவரைப் புதைத்த இடத்திலேயே உடைப்பதா என்று தயங்கினேன். ஆனால் கேட்கிறவன் ஏற்கெனவே தெரிந்துகொண்டு கேட்கிறான்.

"எடுத்திருக்கலாமுங்க தம்பி."

அவன் தலையை ஆட்டினான். மண் ஒட்டிய கையைத் தட்டாமல் அப்படியே வைத்திருந்தான்.

"எடுத்திருந்தா, 'வெளிய போடா'ங்கறதுதானுங்க எங்கப்பா என்கிட்டக் கடைசியாப் பேசினதா இருந்திருக்கும்."

வெளிச்சத்தை அளக்க எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இப்போது நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் விளக்கையும் ஜன்னலையும் பார்ப்பதற்கு முன், கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். அது ஜெயசீலியின் பழக்கம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.