வயிற்றெரிச்சலில் போட்ட கையெழுத்து

மலையிலிருந்து இறங்கும்போது எங்கள் நர்சம்மாவின் கைப்பையில், இலையில் பொதிந்த புளி இருக்கும். மலைப் பெண்கள் ஆசையாகக் கொடுத்தது. என் பையில் கோப்புகள்தான். ஜவ்வாது மலையில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்துக்கு நான்தான் தலைவி. போளூர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை வரி வரியாக எழுதியவளும் நான்தான். அந்தப் பெண்களுக்கோ நான் 'நர்சம்மாகூட வர்றவங்க'. சொல்வதற்கென்ன, எனக்கு வயிறு எரியும்.

மாதந்தோறும் போனில் விசாரிக்க ஏற்பாடு செய்திருந்தேன். எதைக் கேட்டாலும் 'நல்லாக்கீறேன்' என்ற ஒரே பதில். நர்சம்மாவோ புளிக்காலத்தில் அவர்களோடு உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார். மார்பில் அறுவை நடந்த பெண் புளி தட்டும் கட்டையை எந்தக் கையால் பிடிக்கிறாள், எப்போது கை மாற்றுகிறாள் என்று பேச்சோடு பேச்சாகக் கவனிப்பார். பிறகு வீட்டுக்குள் அழைத்துப்போய், வீக்கமோ கட்டியோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்.

"வாயால கேட்டா நல்லாக்கீறேன்னுதான் சொல்லுவாங்க மேடம். கைதான் நெசம் சொல்லும்" என்பார். புளி தட்டத்தான் சம்பளமா என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பொறுக்கவில்லை.

மாவட்டக் கூட்டத்தில் பெரிய அதிகாரி அவரை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். மறுவாரமே, அடிவாரத்தில் ஆள் போதவில்லை என்று காரணம் எழுதி அவரைப் படவேட்டுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். மலைப் பெண்களைப் போனில் விசாரித்தாலே போதும் என்றும் சொல்லிவிட்டேன்.

அடுத்த புளிக்காலம் வந்து போனது. பிறகு ஒருநாள், முன்பு மார்பில் அறுவை செய்துகொண்ட மலைப் பெண் ஒருத்தி கணவனோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி.

"எத்தினி மாசமா கீது?"

"புளி தட்டச்சொல்லோவே இருந்துச்சு."

"மூணு வாட்டி போன் பண்ணோமே, அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று கத்திவிட்டேன்.

"போன்ல இன்னா மேடம், ரவிக்கய அவுத்தா காட்றது? நர்சம்மா வந்தா காட்டிக்கலாம்னு இருந்தேன்."

அவளை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். முன்பே தெரிந்திருந்தால் வைத்தியம் இத்தனை கடினமாகியிருக்காது என்றார் மருத்துவர். அன்றே நர்சம்மாவுக்குப் போன் செய்து, பொறாமையில்தான் உங்களை மாற்றினேன் என்று சொன்னேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும் மேடம். மொதல்ல வண்டிய அனுப்புங்க" என்றார்.

அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண், நர்சம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் மடியில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள். இன்று நர்சம்மா மறுபடி மலையில் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பிழைப்பாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் செய்தது பாவம் என்று தெரியும். ஆனாலும் அந்த அழுகையை நினைக்கும்போதெல்லாம், என் முன்னால் அவள் ஒரு சொட்டுக்கூட விடவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.