சீனி போடாத மரச்சீனி

கூட்டாகச் சாப்பாட்டுக்கடை போட்டவர்களே, உங்களுக்குத் தெரியும்: அடுப்பு பற்றவைக்கும் முன்பே முதல் சண்டை வந்துவிடும். எங்களுக்கு அதுகூட வரவில்லை. அங்கேதான் சிக்கல். நான், ஷிபு, அஜின் மூவரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே சர்ச். பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்றதும் சேர்ந்துதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற வழியில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் விற்கலாம் என்று ஒருவன் சொல்ல, மற்ற இருவரும் "சூப்பர்" என்றோம். ஓணத்துக்குள் கடை ஓடாவிட்டால் நான் ஐ.டி.ஐ.யில் சேரவேண்டும் என்பது அப்பாவின் கெடு.

மூன்று முதலாளிகள்

திறப்பு நாள் காலையில்தான் தெரிந்தது, மூவருமே கல்லாவில் உட்கார வந்திருக்கிறோம் என்று. பேச்சில் மூவரும் கெட்டி. மீன் வெட்ட ஒருவனுக்கும் தெரியாது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சாளை மீன் கொண்டுவந்த அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மக்கா, மூணு பேரும் மொதலாளின்னா சோலி யாருலே செய்யது?"

சுகர்காரர்

ஷிபுவின் அம்மா வந்து கறி வைத்தார். "சூடான மரச்சீனி, மீன்கறி" என்று போர்டும் வைத்தோம். கேரளா வண்டிக்காரர்கள் வீட்டில் தின்பதையே இங்கேயும் வந்து தின்பார்களா? நிற்கவில்லை. மற்ற ஊர் வண்டிக்காரர்கள் போர்டைப் படித்துவிட்டு அடுத்த சாயாக்கடைக்குப் போனார்கள். ஒரே ஒருவர் வந்தார், மதுரைக்காரர்.

"தம்பி, எனக்குச் சுகரு. சீனி போடாம வெறும் மீன் மட்டும் கெடைக்குமா?"

மயினி

இதைச் சொல்லி ஷிபு வீட்டில் உருண்டு சிரித்தோம். ஷிபுவின் அண்ணன் மனைவி, எங்கள் மூவருக்கும் மயினி, அவர் மட்டும் சிரிக்கவில்லை. மயினிக்குச் சேலம். கல்யாணமான கையோடு அண்ணன் துபாய்க்குத் திரும்பிவிட்டார். மரச்சீனியை மயினி "மரவள்ளி" என்று சொல்லும்போதெல்லாம் நாங்கள் கேலி செய்வோம். பாவம், பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"நானும் இங்க வந்த புதுசுல மரச்சீனின்னா ஸ்வீட்டுன்னுதான் தம்பி நெனச்சேன். உங்க மூணு பேருக்கும் ஒரே வாய். கடையில வேற ஊர்க்காரி ஒருத்தி இருக்கட்டுங்களா?"

முதல் சண்டை

நாலாவது கூட்டாளியாக வந்த மயினி, போர்டில் "மரவள்ளிக்கிழங்கு" என்று பெரிதாக எழுதினார். கல்லாவுக்கு அஜின் போதும் என்றார். ஷிபு கிழங்குக்கு, நான் மீனுக்கு. எனக்குக் கோபம் வந்து கத்தினேன். அவரும் விடவில்லை, சேலம் தமிழிலேயே திருப்பிக் கத்தினார். யாரும் கேலி செய்யவில்லை. அப்போது ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய ஒரு அம்மா, "ஏங்கண்ணு, நம்மூரா நீயி?" என்று கேட்க, மயினி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருக்குக் கிழங்கை அள்ளி வைத்தார்.

ஓணத்தன்று அப்பா வந்தார். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"மீனுல செதிலு கெடக்குலே. நாளைக்கும் கடை தொறப்பியா?"

ஒரே மாதிரி மூன்று பேர் சேர்ந்தால் அது கூட்டுக்கடை இல்லை, ஒருத்தனே மூன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.